216 தடவை அதே காலைச் சாப்பாடு



இந்த வார ஆடியோவைக் கேட்டவங்களுக்குத் தெரியும். ‘ஃபில்லர் எபிசோட்’ பத்திப் பேசலாம்னு மைக் முன்னாடி உட்கார்ந்தோம். மெகா சீரியல்ல மாமியார் மாடிப்படி இறங்குறதை அஞ்சு கோணத்துல காட்டுவாங்களே, கூட்டாளி அதுல ஆரம்பிச்சார். அங்கேயே நேரம் முடிஞ்சுபோச்சு. நான் குறிப்பெடுத்து வெச்சிருந்த எபிசோட் வாயத் திறக்காமலே நின்னுபோச்சு. அதை இங்க எழுதிடறேன். வழக்கத்தை விடக் கொஞ்சம் நீளம், காப்பி போட்டுட்டு வந்துடுங்க.

எபிசோட் பேர் ‘விண்டோ ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி’. தொடர், ‘ஸ்டார்கேட் எஸ்ஜி-1’. நாலாவது சீசன், ஆறாவது எபிசோட். முதல்முதலா ஒளிபரப்பானது 2000 ஆகஸ்ட் 4. கால் நூற்றாண்டு பழைய கதைக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை வேணும்னா, இதுதான் அது. முழுசா சொல்லத்தான் போறேன்.

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது

போன குளிர்காலத்தில் என் கான்ட்ராக்ட் முடிந்தது. அடுத்தது கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. கான்ட்ராக்டர்கள் இதை ‘பெஞ்ச்’ என்போம். கம்பெனி ஆட்களுக்கு பெஞ்சில் சம்பளம் வரும், நமக்கு வராது, அவ்ளோதான் வித்தியாசம். மான்ட்ரியல் ஜனவரியில் வெளியே போகவும் மனசு வராது. பார்க் எக்ஸ்டென்ஷனில் என் வீட்டுத் தெருவில் ராத்திரி பனி அள்ளும் முன்னால், ‘காரை எடு, காரை எடு’ என்று சைரன் அடித்துக்கொண்டு ஒரு வண்டி போகும். எனக்குக் கார் கிடையாது. ஆனாலும் தினமும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எழுந்தபிறகு தூக்கம் வராது. அப்படித்தான் எஸ்ஜி-1ஐ முதல் சீசனிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். 10 சீசன், 214 எபிசோட். வேலையில்லாதவனுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

நாலாவது சீசனில் இந்த எபிசோட் வந்தபோது ஒரு சின்ன சந்தோஷம். இதை எழுதிய இரண்டு பேரில் ஒருவர் ஜோசஃப் மலோஸி, இந்த ஊரிலேயே பிறந்தவர். (இன்னொருவர் அவருடைய எழுத்துக் கூட்டாளி பால் மல்லி.) மான்ட்ரியலுக்கும் விண்வெளிக்கும் ஏற்கெனவே ஒரு பந்தம் உண்டு. கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் இங்கே பிறந்து, மெக்கில் பல்கலைக்கழகத்தில் காமர்ஸ் படித்தவர். அந்த வளாகத்து மாணவர் சங்கக் கட்டடத்தைப் பிள்ளைகள் ‘ஷாட்னர்’ என்றே கூப்பிடுவார்கள். ஆனால் எஸ்ஜி-1 படமானதெல்லாம் நாட்டின் மறுகோடியில், வான்கூவர் பக்கம். நம்ம ஊர்க்காரர் கதை எழுதப் போன இடம் அவ்வளவு தூரம்.

ஃபில்லர்னா என்ன?

அந்தக் காலத்து அமெரிக்கத் தொடரில் ஒரு சீசனுக்கு 22 எபிசோட் வரை வேணும். மெயின் கதை எட்டு, பத்து எபிசோடுக்குத்தான் வரும். மிச்சத்தை எப்படியாவது நிரப்ப வேண்டும். காசும் தீர்ந்துபோனால் பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டி ஒரு எபிசோட் தேத்துவார்கள். அதற்கு ‘கிளிப் ஷோ’ என்று பேர். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இரண்டாவது சீசன் இப்படித்தான் முடிந்தது. 1988-ல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் அந்த சீசனையே உலுக்கியிருந்தது. 1989 ஜூலையில் கடைசி எபிசோடாக வந்தது ‘ஷேட்ஸ் ஆஃப் க்ரே’. ரைக்கர் நினைவில்லாமல் படுத்திருப்பார், அவர் மூளையில் பழைய எபிசோட்கள் ஓடும். பார்க்கிறவனுக்கும் மயக்கம் வரும். எஸ்ஜி-1ம் சளைத்ததில்லை; முதல் சீசனிலேயே ‘பாலிடிக்ஸ்’ என்று ஒரு கிளிப் ஷோ இருக்கிறது.

‘விண்டோ ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி’ கிளிப் ஷோ இல்லை. ஆனால் சுத்தமான ஃபில்லர். இதைத் தாண்டிப் போனால் மெயின் கதையில் ஒரு இழையும் அறுந்துபோகாது. இருந்தும், ரசிகர்கள் எஸ்ஜி-1ல் பிடித்த எபிசோட் பட்டியல் போட்டால் மேலேயே இருப்பது இதுதான். ஏன் என்பது ஒரு கேள்வி. இவ்வளவு பிடித்தும் எனக்கு எங்கே இடிக்கிறது என்பது இன்னொன்று.

கதை

பி4எக்ஸ்-639 என்ற கிரகம். அங்கே பழைய பீடம் ஒன்று, அதில் புரியாத எழுத்து. மலிக்காய் என்ற வேற்றுக்கிரக ஆராய்ச்சியாளர் அதை நோண்டிக்கொண்டிருக்கிறார். சூரியனில் கொந்தளிப்பு. திடீரென்று அவர் டேனியலைச் சுட்டு மயக்கமாக்கிவிட்டுக் கருவியை முடுக்குகிறார். அதிலிருந்து கிளம்பிய ஒளி கர்னல் ஓ'நீல் மேலும் டியல்க் மேலும் பட்டுவிடுகிறது.

அடுத்த நொடி ஓ'நீல் பூமியில், ராணுவத் தளத்து மெஸ்ஸில், கையில் ஸ்பூனோடு. எதிரே டேனியல் ஏதோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். காலை நடந்தது அப்படியே மறுபடி. 10 மணி நேரம் ஆனதும் திரும்ப ஸ்பூன், திரும்ப டேனியல், திரும்ப அதே கேள்வி. கிண்ணத்தில் இருப்பது ‘ஃப்ரூட் லூப்ஸ்’. எழுதினவர்களுக்குக் குசும்பு ஜாஸ்தி.

டைம் லூப். ஆனால் அது நடப்பது இரண்டு பேருக்குத்தான் ஞாபகம் இருக்கிறது: ஓ'நீலுக்கும் டியல்க்குக்கும். (அந்தப் பக்கம் மலிக்காய்க்கும்.) பீடத்தில் இருப்பதைப் படித்தால்தான் கருவியை நிறுத்த முடியும். படிக்கத் தெரிந்தவர் டேனியல் மட்டும். ஆனால் டேனியலுக்குப் பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாமே மறந்துவிடும். அதனால் மொழி என்றாலே கொட்டாவி விடும் ஓ'நீலும், அளந்து பேசும் டியல்க்கும், பலகை முன்னால் நின்று இலக்கணம் படிக்கிறார்கள். பழங்காலத்தவரின் அந்த மொழி லத்தீனுக்குச் சொந்தக்கார மொழி.

ஒரு லூப்பில் டேனியல் சும்மா கேட்கிறார்: என்ன செய்தாலும் பின்விளைவு இல்லை என்றால், நீங்க எதை வேணும்னாலும் செய்யலாமே? இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதற்கப்புறம் வருகிற சில நிமிஷங்களுக்காகத்தான் இந்த எபிசோடுக்கு இத்தனை ரசிகர்கள். ஓ'நீல் தளத்துக்குள் சைக்கிள் ஓட்டுகிறார். மண்பானை வனைகிறார். இரண்டு பேரும் ஸ்டார்கேட்டைத் திறந்துவைத்து அதற்குள் கோல்ஃப் பந்து அடிக்கிறார்கள். ஜெனரல் வந்து கத்தினால், அடிக்கும் நேரத்தில் தொந்தரவு செய்ததற்கு ஓ'நீல் அவர் மேலேயே எரிந்து விழுகிறார். ஒவ்வொரு லூப்பிலும் டியல்க் முகத்தில் ஒரு கதவு வந்து இடிக்கும். கடைசியில் ஒரு நாள் அந்தக் கதவுக்கு அவர் பதில் சொல்வார். அந்த நொடி ராத்திரி மூணு மணிக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் சுவரைத் தட்டினார்.

ஞாபகம்தான் இங்கே ஸ்டேட்

நம்ம ஆட்களுக்கு இதை வேறு மாதிரி சொல்லலாம். ஒவ்வொரு லூப்பும் ஒரு புது கன்டெய்னர். எல்லாம் அழிந்து முதல் இமேஜிலிருந்து எழும். அழியாமல் அடுத்த லூப்புக்குப் போகும் ஸ்டோரேஜ், இரண்டு மண்டைகள் மட்டும். நோட்டில் எழுதினால் நோட்டும் ரீசெட் ஆகிவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இவர்களுக்கு அச்சு அசலாக நடக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எல்லாவற்றையும் உருப்போட்டாக வேண்டும்.

லூப் கதைகள் நல்லா அமைவதும் சொதப்புவதும் இந்த ஒரு விஷயத்தில்தான்: எவ்வளவு ஸ்டேட் அடுத்த சுற்றுக்குப் போகிறது, யாரிடம் போகிறது? நெக்ஸ்ட் ஜெனரேஷனின் ‘காஸ் அண்ட் எஃபெக்ட்’ 1992 மார்ச்சில் வந்தது; ‘கிரவுண்ட்ஹாக் டே’ படத்துக்கும் முந்தியது. அதில் கப்பல் திரும்பத் திரும்ப வெடிக்கும், யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது, ‘இதை எங்கேயோ பார்த்திருக்கோமே’ என்ற உறுத்தல் மட்டும் இருக்கும். கடைசியில் டேட்டா அடுத்த லூப்புக்குத் தனக்கே அனுப்ப முடிவது ஒரே ஒரு எண்: 3. ஒரு இன்டிஜர். அதை வைத்து மொத்தக் கப்பலும் பிழைக்கும். இவ்வளவு சிக்கனமான டேட்டா டிரான்ஸ்ஃபரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நம்ம ‘மாநாடு’ (2021) எங்கே சூடு பிடிக்கிறது என்று யோசித்துப் பாருங்க. சிம்புவுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும்வரை அது சாமர்த்தியமான படம். எஸ்.ஜே.சூர்யாவுக்கும் ஞாபகம் வர ஆரம்பிக்கிற இடத்தில்தான் தியேட்டர் விசில் அடித்தது. ஏன்னா, ஞாபகம் ஒரே ஆளிடம் இருந்தால் அவன் ராஜா. எதிராளிக்கும் வந்துவிட்டால்தான் அது ஆட்டம்.

இதை மனசில் வெச்சுக்கங்க, கடைசியில் தேவைப்படும்.

ஓட்டைகள்

முதல் ஓட்டை, கணக்கு. லூப் உடைந்தபிறகு ஒரு தகவல் வருகிறது: வெளியே இருக்கும் நட்பு நாட்டார், டோக்ரா, மூன்று மாசத்துக்கும் மேலாகப் பூமியைத் தொடர்புகொள்ள முயன்று தோற்றிருக்கிறார்கள். ஆக, 90 நாள் × 24 மணி ÷ 10 = 216. குறைந்தது 216 லூப். பூமியோடு சேர்த்து 14 கிரகங்கள் அந்தக் குமிழிக்குள் சிக்கியிருந்தன.

இப்போது யோசியுங்க. 10 மணி நேரத்தில் பூமி சூரியனைச் சுற்றி ஏறக்குறைய 10 லட்சம் கிலோமீட்டர் போய்விடும். ஒவ்வொரு லூப்பிலும் அது பழைய இடத்துக்குத் திரும்புகிறதா? சூரியனும் சேர்ந்து திரும்புகிறதா? 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் குமிழிக்கு உள்ளேயா வெளியேயா? வெளியே என்றால் அவற்றின் கடிகாரம் மூன்று மாசம் முன்னால் ஓடிப்போயிருக்கும். என்டிபி சர்வர்கள் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளும். வாயேஜர் 1 கட்டாயம் வெளியேதான் இருந்திருக்கும். 2000-ல் அதன் சிக்னல் பூமிக்கு வந்து சேரவே 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ‘என்னய்யா, மூணு மாசமா ஆளையே காணோம்?’ என்று முதலில் கேட்டிருக்கக்கூடியது அதுதான். வருஷத்தில் இரண்டு இலக்கம் குறைந்ததற்கே, Y2K என்று உலகம் அவ்வளவு பயந்த வருஷம் அது. எபிசோட் இதையெல்லாம் ஒரே வசனத்தில் தாண்டிப் போகிறது.

சரி, நாற்பத்துச் சொச்ச நிமிஷக் காமெடியில் ஜிபிஎஸ்ஸுக்கு எங்கே இடம்? மன்னித்துவிடலாம்.

இரண்டாவது ஓட்டை, ஃபில்லரின் பிறவிக் குறை. மூன்று மாசம் ஒரே நாளை வாழ்ந்த இரண்டு பேர் அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி மிஷனுக்குக் கிளம்புகிறார்கள். பழகின ஆட்களெல்லாம் உங்களை மறந்துகொண்டே இருந்த 216 லூப்களின் தனிமை ஒருத்தனை என்ன செய்யும்? நெக்ஸ்ட் ஜெனரேஷனில் பிகார்ட் ஒரு எபிசோடில் வேறொரு முழு வாழ்க்கையை வாழ்ந்து திரும்புவார் (‘தி இன்னர் லைட்’, 1992). அதில் கற்ற புல்லாங்குழலை அடுத்த வருஷம் ‘லெஸன்ஸ்’ எபிசோடில் மறுபடி எடுப்பார். அந்த ஒரு குழல் போதும், நடந்தது நடந்ததுதான் என்று காட்ட. ஓ'நீல் கற்ற லத்தீனை ஒரு மேசைமேல் அப்படி வைத்திருக்கலாம்.

லத்தீன் என்றதும் வயிறு எரிகிறது. 216 லூப் × 10 மணி = 2,160 மணி நேரம். அதுவும் தூங்கத் தேவையில்லாத 2,160, ஏன்னா உடம்பும் ரீசெட். அமெரிக்க வெளியுறவுத் துறைப் பள்ளி பிரெஞ்சுக்குப் போடும் கணக்கே இதைவிட ரொம்பக் குறைவுதான். நான் இங்கே நாலு வருஷமாகப் பிரெஞ்சு படிக்கிறேன். 2022-ல் 96-ஆம் மசோதா வந்தபிறகு க்யூபெக்கில் வேலைக்கான விளம்பரம் ஒவ்வொன்றிலும் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன். செவ்வாய், வியாழன் சாயந்திரம் வகுப்பு. ஒரு கான்ட்ராக்டில் ஓவர்டைம் வந்தால் மூணு மாசம் விட்டுப்போகும். திரும்பப் போனால் அதே ‘உங்கள் பெயர் என்ன, எந்த ஊர்’ பாடம். என் லூப்பில் மண்டையும் ரீசெட்.

ஸ்லீப் 45

மூன்றாவது ஓட்டைக்குப் போகும் முன்னால், அந்தக் கான்ட்ராக்ட் ஏன் நீளவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

இடத்தின் பேர் வேண்டாம். ராத்திரி ஓடும் ஒரு பழைய ஸ்கிரிப்ட். ஒரு சிஸ்டத்திலிருந்து ஃபைல் வரும், அதை எடுத்து இன்னொன்றில் ஏற்ற வேண்டும். நடுவில் ‘ஸ்லீப் 45’ என்று ஒரு வரி. 45 விநாடி சும்மா நிற்கும். ஏன் என்று ஒரு கமென்ட் கிடையாது. இந்த மாதிரி நூற்றுச் சொச்சம் ஃபைல். மொத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீண். எடுத்துவிட்டேன். டெஸ்ட்டில் ஓடியது. மூன்று வாரம் அருமையாக ஓடியது. மேனேஜர் பாராட்டி மெயிலும் போட்டார்.

மாசக் கடைசி ராத்திரி ஃபைல்கள் பெரிசாக வந்தன. அந்தப் பக்கம் எழுதி முடிக்கும் முன்னாலேயே என் ஸ்கிரிப்ட் எடுத்து ஏற்றிவிட்டது. பாதி ஃபைல். காலையில் எந்தக் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகவில்லை. இரண்டு நாள் தூங்கவில்லை. சரிசெய்தபிறகு பழைய டிக்கெட்டுகளைத் தேடினால், மூணு வருஷம் முன்னால் வேறொரு கான்ட்ராக்டர் அதே வரியை எடுத்து, அதே மாதிரி மாசக் கடைசியில் விழுந்து, திரும்ப அதே 45-ஐப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவரும் ஒரு கமென்ட் எழுதவில்லை.

அங்கே பல வருஷமாக இருக்கும் ஒரு பெரியவரிடம் சொன்னேன். “அதுவா? அதை எடுத்தா உடையுமே” என்றார், காப்பியை உறிஞ்சிக்கொண்டே. அவருக்கு ஞாபகம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் அவர் சொல்லவில்லை. அந்த ஆபீஸில் அவர் ஓ'நீல். நான் டேனியல். ஆறு மாசத்துக்கு ஒரு டேனியல் வந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிறான்.

ரினியூவல் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. கேட்காமல் எடுத்தவன் நான்தானே. போகும் முன்னால் 45-ஐத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கம் எழுதி முடித்ததும் ஒரு சின்ன அடையாள ஃபைல் போடுகிற மாதிரியும், அதைப் பார்த்தபிறகே இந்தப் பக்கம் எடுக்கிற மாதிரியும் மாற்றினேன். மேலே ஆறு வரி கமென்ட், தேதியோடு. ஓ'நீலுக்குக் கிடைக்காத வசதி நமக்கு இருக்கிறது: நம்ம நோட்டு ரீசெட் ஆவதில்லை. இந்தக் கடிதத்தில் உருப்படியான டிப் வேணும்னா இதை எடுத்துக்கங்க. புரியாத வரியை அழிக்கும் முன்னால், அந்த இடத்தில் ரொம்ப நாளாக இருக்கிற ஆளுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுங்க.

மூன்றாவது ஓட்டை

இனி அந்த முத்தம். ஒரு லூப்பில் ஓ'நீல் கலர் ஸ்வெட்டரோடு வந்து, ராஜினாமாக் கடிதத்தை ஜெனரல் கையில் கொடுக்கிறார். ஏன் என்று கேட்கும்போதே சாமந்தா கார்ட்டரை இழுத்து முத்தமிடுகிறார். லூப் முடிகிறது. கார்ட்டருக்கு அது எப்போதும் தெரியப்போவதில்லை. நாலு சீசனாக இதற்குத் தவம் கிடந்த ரசிகர்கள் துள்ளிக் குதித்த காட்சி. ராணுவ விதிப்படி மேலதிகாரி கீழே இருப்பவரைக் காதலிக்கக் கூடாது, அதனால் முதலில் ராஜினாமா. எழுதினவர்கள் அதை மறக்கவில்லை. மறந்தது கார்ட்டரை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. எபிசோடின் கடைசி ஷாட்டில், ‘லூப்பில் ஏதாவது கிறுக்குத்தனம் செஞ்சீங்களா?’ என்று டேனியல் கேட்க, ஓ'நீல் கார்ட்டரைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார். அவர் சிரிப்பு ஏன் என்று கார்ட்டருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். காலேஜ் ஹாஸ்டலில் பார்த்தபோது நானும் கைதட்டினவன்தான். இந்த முறை கை எழவில்லை.

ஞாபகம் ஒரு பக்கம் மட்டும் இருக்கிற இடத்தில், இருக்கிறவன் என்ன வேணும்னாலும் செய்யலாம். போன மாசம் ஆடியோவில் விளம்பர டிராக்கிங் பற்றிப் பேசினோமே, அதுவும் இதேதான்: நாம எதைத் தேடினோம் என்று நமக்கு மறந்துபோகும், அவர்களுக்கு மறக்காது.

ஆனா எனக்கு உறைத்தது விளம்பரத்தால் இல்லை. என் ஆச்சியால்.

ஆச்சி பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் இருக்கிறார். மூணு வருஷமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் இங்கேயும் அங்கேயும் பத்தரை மணி நேர வித்தியாசம். எனக்குக் காலை எட்டு என்றால் ஆச்சிக்கு மாலை ஆறரை, விளக்கேற்றி முடித்த நேரம். வீடியோவில் என்னை அடையாளம் தெரியும். ஆனால் கேள்வி ஒன்றுதான்.

“எப்பய்யா ஊருக்கு வார?”

“அடுத்த மாசம் வாரேன் ஆச்சி.”

முகம் அப்படி மலரும். சித்தியைக் கூப்பிட்டுச் சொல்வார். பத்து நிமிஷம் கழித்து, “எப்பய்யா ஊருக்கு வார?” மறுபடி “அடுத்த மாசம்.” மறுபடி அந்த மலர்ச்சி. ஆச்சிக்கு மறந்துவிடும், அதனால் அந்தப் பொய்க்கு விலை கிடையாது என்று நினைத்திருந்தேன். சந்தோஷம்தானே, இலவசமாகக் கிடைக்கிறதே. பெஞ்சில் இருந்த ஏழு வாரமும் தினமும் சொன்னேன். டிக்கெட் வாங்கக் கையில் காசில்லாத ஏழு வாரம்.

முத்தக் காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சைரன் வண்டி தெருமுனையில் கேட்டது.

மலிக்காய்

எபிசோடின் உயிர் கடைசி ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது. ஓ'நீலும் டியல்க்கும் பீடத்தைப் படித்துவிட்டார்கள். பழங்காலத்தவர் தங்கள் அழிவைத் தடுக்கக் காலத்தில் பின்னால் போகக் கட்டிய கருவி அது. அது ஒருநாளும் சரியாக வேலை செய்யவில்லை, முயற்சியைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் மலிக்காய் விடவில்லை. அவர் மனைவி பிறவி இதய நோயால் இறந்தவர். அவரைக் காப்பாற்ற முடியாது என்பதும் மலிக்காய்க்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

 ஓ'நீல் தன் மகனைப் பற்றிச் சொல்கிறார். தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பிள்ளை அப்பாவின் துப்பாக்கியைத் தவறுதலாக வெடித்துச் செத்துப்போனவன். அந்த வலி எனக்கும் தெரியும், ஆனால் அதை இன்னொரு முறை வாழ என்னால் ஆகாது, உங்களால் ஆகுமா என்று கேட்கிறார். மலிக்காய் கருவியை நிறுத்துகிறார்.

இத்தனை நேரம் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த அதே மனுஷன்தான் இதைச் சொல்வது. 216 லூப் விளையாடின பிறகு, பின்விளைவு இல்லாத வாழ்க்கை வேண்டாம் என்று சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இவ்வளவு ஓட்டை இருந்தும் இந்த ஃபில்லர் நிற்பது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. இன்றைக்கு எட்டு, பத்து எபிசோடில் சீசன் முடிகிறது, எல்லாமே மெயின் கதை. அதில் ஒரு கர்னலுக்குப் பானை வனைய நேரம் கிடையாது. வனையாத கர்னல் கடைசியில் இதைச் சொன்னால் இவ்வளவு எடுபடுமா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு ஆச்சி கேட்டார்.

“எப்பய்யா ஊருக்கு வார?”

“இன்னும் டிக்கெட் போடல ஆச்சி. வேலை கிடைச்சதும் போடுவேன். போட்ட அன்னைக்கே ஒங்களுக்குச் சொல்லுதேன்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. சித்தி பின்னாலிருந்து என்னை முறைத்தார். அப்புறம் ஆச்சி, “வேலை இல்லையாய்யா? சாப்பாட்டுக்கு என்ன செய்யுத?” என்றார். மூணு வருஷத்தில் ஆச்சி என்னிடம் கேட்ட முதல் புதுக் கேள்வி. ரசம் வைக்கிறேன் என்றேன். புளி எவ்வளவு, கரைத்தா கொதிக்கவிட்டா என்று பத்து நிமிஷம் விசாரித்தார். பிறகு, “எப்பய்யா ஊருக்கு வார?”

“இன்னும் டிக்கெட் போடல ஆச்சி.”

மறுபடி ரசத்துக்குப் போனோம்.

புது கான்ட்ராக்ட் மார்ச்சில் கிடைத்தது. டிக்கெட் போட்டாச்சு. தினமும் தேதியைச் சொல்கிறேன், தினமும் ஆச்சிக்கு அது புதுச் செய்தி.

அவ்ளோதான் இந்த வாரம். உங்களுக்குப் பிடிச்ச ஓட்டை ஃபில்லர் எபிசோட் எது? எந்தத் தொடரா இருந்தாலும் பரவாயில்லை, மெகா சீரியலும் சேர்த்திதான். இந்த மெயிலுக்கே பதில் போடுங்க, நல்லதுகளை அடுத்த ஆடியோவில் படிக்கிறோம். இந்த முறை கூட்டாளியை மாடிப்படிப் பக்கம் விடமாட்டேன்.